பழைய லாரிக்கு இரண்டு சட்டங்கள்

நான் வாங்கிய முதல் பழைய லாரியை முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். பாதி மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டாடா 1210. ஓர் அரிசி ஆலையின் பின்பக்கத்தில், வேப்பமரத்தடியில், பத்தாண்டுக்கு மேல் அசையாமல் நின்றிருந்தது. சேஸிஸுக்குப் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். அக்கறையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பெயின்டைச் சுரண்டியபோது, பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு மேலே விரல் நீளத்துக்கு விரிசல். விரிசலின் மேல் வெல்டிங், வெல்டிங்கின் மேல் பட்டி, பட்டியின் மேல் பெயின்ட். அவருடைய அக்கறை எதன்மீது என்று அப்போதுதான் விளங்கியது.

லாரிக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று இரும்புச் சட்டம். அதைத்தான் சேஸிஸ் என்கிறோம். மற்றொன்று அரசாங்கச் சட்டம், அது ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றுப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டும் கோணாமல் இருந்தால் எஞ்சின், கேபின், பெயின்ட் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று கோணினாலும் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

எந்த வண்டியைத் தேடுவது

தமிழ்நாட்டில் பழைய லாரி என்றால் நடைமுறையில் இரண்டு குடும்பங்கள்தான். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, இங்கிலாந்தின் லேலண்ட் பங்குதாரர் ஆனபின் 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலையின் காமெட் ஒரு குடும்பம். 1954இல் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்), டைம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஜாம்ஷெட்பூரில் தயாரித்த டாடா மெர்சிடிஸ் பென்ஸும் அதன் வாரிசுகளும் மற்றொரு குடும்பம். 1961இல் டெல்கோவின் ஏற்றுமதி தொடங்கியது இலங்கையில்தான் என்பதால், அங்குள்ள வாசகருக்கும் இந்த முகம் புதிதல்ல.

ஒப்பந்தம் 1969இல் முடிந்தது. மூக்கில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் டாடாவின் 'டி' வந்தது. "நட்சத்திர வண்டி" என்று சொல்லி யாராவது விலையை ஏற்றினால், ஆர்.சி.யில் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். நட்சத்திரம் தனியாகக் கடையிலும் கிடைக்கிறது.

டாடாவின் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது எளிது. 1210 என்றால் சுமையோடு சேர்த்து ஏறத்தாழ 12 டன், எஞ்சின் திறன் ஏறத்தாழ 100 குதிரைச் சக்தி. 692 எஞ்சின் என்றால் 6 சிலிண்டர், 92 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), கொள்ளளவு 4,788 சி.சி. பின்னால் வந்த 697 எஞ்சினுக்கு 97 மி.மீ. போர், 5,675 சி.சி. இதைத் தெரிந்துகொள்வதில் லாபம் உண்டு. 692 இருந்த வண்டிகளில் பிற்காலத்தில் 697ஐ மாட்டிவிட்டவர்கள் பலர். அப்படி மாட்டியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதல் வண்டியாக நான் சொல்வது டாடா 1210தான். மெக்கானிக்கும் உதிரிப் பாகமும் இன்றும் கிடைக்கின்றன. காமெட்டின் எஞ்சின் ஒலிக்கு மயங்கியவர்கள் அதையே வாங்குவார்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள். பெட்ஃபோர்ட், டாட்ஜ், ஃபார்கோ ஆகியவை அழகான வண்டிகள். ஆனால் ஒரு வாட்டர் பம்புக்காகச் சென்னைப் புதுப்பேட்டையில் தொடங்கி டெல்லி மாயாபுரி வரை அலையத் தெம்பு இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

தேட வேண்டிய இடங்கள் விளம்பரங்களில் இல்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள். அரிசி ஆலை, மர அறுவை மில், கல் குவாரி, செங்கல் சூளை ஆகியவற்றின் பின்பக்கங்களில்தான் இந்த வண்டிகள் ஓய்வெடுக்கின்றன. ஓடிய வண்டியைவிட, ஒரே முதலாளியிடம் கூரைக்கு அடியில் நின்ற வண்டி மேல்.

முதலில் காகிதச் சட்டம்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே ஆர்.சி.யின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் பயணச் செலவு மிச்சம்.

பார்க்க வேண்டியவை இவை. விற்கிறவர் பெயரும் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றா? உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31 வேண்டும். அண்ணன் தம்பி மூவர் இருந்து ஒருவர் மட்டும் பேரம் பேசினால் மற்ற இருவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடன் பதிவு இருக்கிறதா? முப்பது வருடத்துக்கு முன் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கடை இன்று இல்லாமலே போயிருக்கலாம்; ஆனாலும் புத்தகத்தில் அதன் பெயர் இருக்கும்வரை படிவம் 35 இல்லாமல் பெயர் மாறாது. சாதாரண விற்பனைக்குப் படிவம் 29, 30. வேறு அலுவலக எல்லைக்குக் கொண்டுபோவதானால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று. 1989க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவு எண் உள்ள வண்டியாக இருந்தால், அதன் விவரம் கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஏற்றப்படாத பழைய புத்தகங்கள் நிறைய உண்டு. அந்த வேலையை விற்கிறவர் தலையில் கட்டுவது நல்லது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, போக்குவரத்து வாகனத்துக்கு எஃப்.சி. இல்லையென்றால் அது முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. அதாவது புத்தகம் கையில் இருந்தாலும் சாலையில் இறக்க முடியாது. பதிவே ரத்தான வண்டி என்றால் அது வெறும் இரும்பு. "2021இல் பழம்பெரும் வாகன விதி வந்துவிட்டதே, 50 வருடம் தாண்டினால் தனிப் பதிவு எண் கொடுக்கிறார்களே" என்று கேட்பார்கள். அந்த விதி தனிப் பயன்பாட்டுக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சரக்கு ஏற்றிய லாரிக்கு அது பொருந்தும் என்று தரகர் சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். அரசு ஏலத்தில் வரும் பழைய வண்டிகளும் ஆசை காட்டும். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை தோட்டத்தில் நிறுத்தி அழகு பார்க்க மட்டுமே.

ஆகவே வாங்கும் முன்பே ஒரு முடிவுக்கு வாருங்கள்: இது சாலையில் ஓட வேண்டிய வண்டியா, நம் நிலத்துக்குள் நிற்க வேண்டிய வண்டியா? இரண்டாவது என்றால் செலவும் தலைவலியும் பாதியாகிவிடும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பிறகு இரும்புச் சட்டம்

பார்க்கப் போகும் நாளில் பழைய சட்டை, டார்ச், அரைக் கிலோ சுத்தியல், காந்தம், சாக்பீஸ், நீளமான நூல், வெள்ளைத் தாள், பென்சில் போதும். கூடவே வயதான ஒரு லாரி மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். ஒரு நாள் கூலி கொடுத்துவிடுங்கள். என் இரண்டாவது வண்டியைப் பார்க்க அப்படி ஒரு மேஸ்திரியுடன் போனேன். அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. நேராக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு ரிவிட்டாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனார். டிங், டிங், டிங், டப். "தம்பி, இங்கே ஒரு கோடு போடுங்கள்" என்றார். சாக்பீஸால் போட்டேன். இறுகப் பிடித்திருக்கும் ரிவிட் மணி போல் ஒலிக்கும். தளர்ந்தது ஈரத் துணியைத் தட்டியதுபோல் ஒலிக்கும். தளர்ந்த ரிவிட்டைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருக் கசிந்த கோடும் இருக்கும். நாற்பதுக்கும் மேல் தட்டியதில் மூன்று கோடுகள். "மூன்றுதானே, அடித்துக்கொள்ளலாம். வாங்குங்கள்" என்று எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

சேஸிஸின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் நெடுஞ்சட்டங்கள் விரிசல் விடும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்பிரிங் பிராக்கெட்டுகளின் ஓரம், கேபினுக்குச் சற்றுப் பின்னால், குறுக்குச் சட்டம் சேரும் மூலை. புதுப் பெயின்ட் அடித்த இடத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டி இருந்தால் பிடிப்பு தளரும். சட்டம் கோணியிருக்கிறதா என்று அறிய, முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் நூல் பிடித்து அளந்துபாருங்கள். இரண்டு நீளமும் ஒன்றாக வர வேண்டும். விரல் அகலம் வேறுபட்டால் அந்த வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது.

சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எண்ணைச் சுற்றிக் கிரைண்டர் தடம், எழுத்துகளின் வரிசை ஏறி இறங்குவது, புத்தகத்தோடு ஓர் எண் பொருந்தாமல் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அது மெக்கானிக்கின் வேலையல்ல, காவல் நிலைய வேலை.

எஞ்சின் ஓடாவிட்டால் பரவாயில்லை, இறுகிப் போயிருக்கிறதா என்பது மட்டும் தெரிய வேண்டும். ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின்னின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணியின்) தேய்மானம் தெரியும். ஓடும் எஞ்சின் என்றால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டுக் கவனியுங்கள். ரயில் எஞ்சின்போல் புகை குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் வளையங்கள் முடிந்துவிட்டன.

விலை

அடிமட்ட விலையை எடைபோட்டே கண்டுபிடித்துவிடலாம். இந்த வகை லாரி வெறும் வண்டியாகச் சுமார் 4 முதல் 5 டன் இருக்கும். அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்குங்கள். விற்கிறவர் மனத்தில் அந்தத் தொகை ஏற்கெனவே இருக்கிறது. அதற்குமேல் நீங்கள் கொடுப்பது காகிதத்துக்கும் நிலைக்கும் மட்டும். என் அனுபவத்தில், வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்காவது சீரமைப்பு விழுங்கும். மனைவியிடம் சொல்லும்போது மூன்று மடங்கு என்று சொல்லிவிடுங்கள்.

கொண்டுவருவது

கயிறு கட்டி இழுத்து வராதீர்கள். லோ-பெட் ட்ரெய்லர் பிடியுங்கள். இழுத்தே ஆக வேண்டுமானால், கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுழலும்போது கியர் பாக்ஸின் கீழ்த்தண்டு சுற்றாது, மேலே ஆயில் ஏறாது, பேரிங் காய்ந்து எரியும். நல்ல கியர் பாக்ஸைப் பட்டறை வாசலில் கெட்ட கியர் பாக்ஸாக இறக்கியவர்கள் உண்டு.

கழற்றுவதற்கு முன்

முதல் வாரம் எதையும் கழற்றாதீர்கள். படம் எடுங்கள். ஒவ்வொரு குழாயும் ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று இருநூறு படமாவது இருக்க வேண்டும். பிறகு கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனி டப்பாவில், டப்பாவின் மேல் இடத்தின் பெயரோடு. ஆறு மாதம் கழித்து, கையில் மிஞ்சிய போல்ட் எந்த இடத்துடையது என்று யோசிக்கும் இரவுகளை இது தவிர்க்கும்.

எஞ்சினை எழுப்புவது

நீண்ட நாள் நின்ற எஞ்சினுக்கு நேராக பேட்டரி கொடுத்துச் சுற்றுவதும், டிராக்டரால் இழுத்து ஸ்டார்ட் செய்ய முயல்வதும் கொலைக்குச் சமம். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து இரண்டு மூன்று கரண்டி ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு முன்பக்கப் புல்லியின் நட்டில் ஸ்பானர் போட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஒரு சுற்று முழுதாகச் சுற்றிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

டீசல் டாங்கைக் கழற்றிக் கழுவுங்கள்; உள்ளே துருவும் வழவழப்பான கசடும் இருக்கும். ஓட்டை இருக்கிறது என்று அப்படியே வெல்டிங் வைக்கக் கூடாது, உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். பம்பையும் நாசில்களையும் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் கொடுத்துச் சோதனை மேடையில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 1951இல் தொடங்கிய மைகோ நிறுவனத்தின் டீசல் பம்புகளுக்குக் கைதேர்ந்தவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பம்ப் திரும்பி வந்ததும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திவிட்டு, ஃபீட் பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அழுத்துங்கள். முதலில் ஒன்றும் வராது. பிறகு சோப்பு நுரைபோல் வரும். நுரை குமிழாகி, குமிழ் குறைந்து, கண்ணாடிபோல் தெளிந்த டீசல் இடைவெளி இல்லாமல் வழியத் தொடங்கும். அந்த நொடியில் திருகை முறுக்குங்கள். அவசரப்பட்டு நுரையிலேயே முறுக்கியவர்தான் மறுநாள் பேட்டரி தீர்ந்து நிற்பார்.

முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் கையில் பலகையோடு ஏர் இன்டேக் அருகில் நிற்க வேண்டும். நாள்பட்ட பம்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் தன்னிச்சையாக வேகமெடுத்து, சாவிக்கும் ஸ்டாப் கம்பிக்கும் கட்டுப்படாமல் ஓடும். அப்போது காற்றை அடைப்பதுதான் வழி. பலகைதான், உள்ளங்கை அல்ல.

உயிர் போகும் இரண்டு இடங்கள்

பழைய லாரி வேலையில் பெரும்பாலானவை பணத்தை மட்டும்தான் தின்னும். இரண்டு மட்டும் ஆளைத் தின்னும்.

ஒன்று சக்கரம். 9.00-20 அளவு ட்யூப் டயர்களை ரிம்மில் பிடித்து நிறுத்துவது லாக் ரிங். துருவேறிய, வளைந்த லாக் ரிங் காற்றடிக்கும்போது தெறித்தால் ஆளைத் தூக்கி எறியும். ரிம்மையும் ரிங்கையும் துருப் போகச் சுத்தம் செய்து, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கூண்டுக்குள் வைத்துக் காற்றடியுங்கள். கூண்டு இல்லையென்றால் கனமான சங்கிலி சுற்றி, நீளமான குழாயோடு பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். டயரில் பட்டன் (தரையைத் தொடும் மேடு) நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பழைய டயரை வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் முடிந்தது. இன்னொரு சிறு விஷயம்: சில பழைய வண்டிகளில் இடப்பக்க வீல் நட்டுகளுக்கு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில்தான் கழலும். தெரியாமல் நீள ஸ்பானர் போட்டு ஏறி மிதித்தால் ஸ்டட் உடையும்.

மற்றது பிரேக். உங்கள் வண்டியில் இருப்பது காற்றழுத்தத் துணையோடு இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கா, முழு ஏர் பிரேக்கா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எதுவானாலும் ரப்பர் பாகங்கள், ஹோஸ்கள் எல்லாமே புதிதாக வேண்டும். காற்று டாங்கின் அடித் திருகைத் திறந்தால் துருத் தண்ணீர் கொட்டும். அதிகம் கொட்டினால் டாங்கையே மாற்றுங்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவது பட்டறைகளில் வழக்கம். அதைச் செய்யவிடாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

கேபினும் பெயின்ட்டும்

பிற நாட்டுப் பழைய லாரிகளிலிருந்து நம் லாரிகள் வேறுபடும் இடம் இது. தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் வந்தது எஞ்சினும் மூக்கும் உள்ள சேஸிஸ் மட்டுமே. கேபினும் பாடியும் சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ நாமக்கல்லிலோ ஒரு தச்சர் மரச்சட்டம் கட்டி, தகடு அடித்து உருவாக்கியவை. ஆகவே "கம்பெனி ஒரிஜினல் கேபின்" என்று தேடுவது வீண். அந்த வண்டிக்கு ஒரிஜினல் என்பது அந்தத் தச்சரின் கைதான். இரும்பு ஃபிரேம் போட்டு ஃபைபரில் புதுக் கேபின் கட்டித் தருவதாகச் சொல்வார்கள். சீக்கிரம் முடியும், ஆனால் வண்டி போய்விடும்.

மரம் முதலில் மட்குவது கதவுக்குக் கீழேயும் கண்ணாடிக்குக் கீழேயும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்கினால் மாற்ற வேண்டும். மட்கிய துண்டை வீசிவிடாமல், அதையே அச்சாக வைத்து ப்ளைவுட்டில் வரைந்துகொண்டு, அதன்படி புது மரம் அறுக்கச் சொல்லுங்கள். பழைய கேபின் கட்டிய தச்சர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது, வேலை மெதுவாக நடக்கும், இரண்டு நாள் வந்து மூன்று நாள் வரமாட்டார்கள். காத்திருங்கள்.

பெயின்ட்டை முழுதாகச் சுரண்டும் முன், கதவில் உள்ளங்கை அளவு இடத்தை உப்புத்தாளும் தண்ணீரும் வைத்து மெதுவாகத் தேயுங்கள். மரத்தின் வளையங்கள்போல் ஒவ்வொரு நிறமாக வெளிவரும். என் வண்டியில் மேலே நீலம், அதன்கீழ் பச்சை, அதன்கீழ் மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் செங்காவி பிரைமர். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே "துணை" என்ற சொல்லின் பின்பாதி தெரிந்தது. எந்தத் தெய்வத்தின் துணை என்பது தேய்ந்துவிட்டது. பின்கதவு ஓவியங்களையும் எழுத்துகளையும் இப்படிக் கண்டுபிடித்து, படம் எடுத்து, ட்ரேசிங் தாளில் பிரதி எடுத்த பிறகே புதுப் பெயின்ட் பூசுங்கள். சாதாரண எனாமல் போதும். கார் போல் பளபளக்கும் பெயின்ட் இந்த முகத்துக்கு ஒட்டாது. எழுத்துக்கு ஸ்டிக்கர் வேண்டாம், கையால் எழுதும் ஓவியரைப் பிடியுங்கள்.

முதல் ஓட்டம்

ஓட்டுகிறவருக்குக் கனரக வாகன உரிமம் வேண்டும். கார் ஓட்டிய கைக்கு இந்த ஸ்டீயரிங் பாறையாக இருக்கும். பழைய கியர் பாக்ஸ்கள் பலவற்றுக்கு டபுள் கிளட்ச் தேவை: கியரை நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்ச்சை விட்டு மறுபடி மிதித்து, அடுத்த கியர். கீழ் கியருக்கு இறங்கும்போது நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு. காலி மைதானத்தில் ஒரு காலைப் பொழுது பழகினால் வந்துவிடும். வரும்வரை கியர் பாக்ஸ் உங்களைத் திட்டும்.

முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, வீல் நட்டுகளையும் ஸ்பிரிங் பட்டைகளைப் பிடிக்கும் யு-போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்குங்கள். ஒவ்வொரு வீல் டிரம்மையும் புறங்கையால் தொட்டுப்பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் ஒட்டுகிறது. அன்று மாலை வண்டிக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்துவையுங்கள். காலையில் எந்த இடத்தில் எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பார்த்தால், அடுத்த வாரத்துக்கான வேலைப் பட்டியல் அதிலேயே இருக்கும்.